சுவரை இடிக்கும் முன்

சித்தூரிலோ திருப்பதியிலோ ஒரு வீட்டுக் கணினி ஒருநாள் காலையில் இயங்க மறுத்தால், அதைப் பையில் வைத்துக் கடைக்கு எடுத்துச் செல்பவர் முதலில் கேட்கும் வாக்கியம் பெரும்பாலும் இதுவாகவே இருக்கும்: "ஃபார்மேட் சேஸ்தே சரிபோதுந்தி." கடைக்காரர் தமிழ் பேசுபவர் என்றால், "ஃபார்மேட் அடிச்சா சரியாயிடும்." மொழி மாறினாலும் மருந்து மாறுவதில்லை.

பெரும்பாலான வாடிக்கையாளர்களுக்கு இது சரியான மருந்துதான். மின்கட்டணம் செலுத்தவும் பிள்ளைகள் பாடம் படிக்கவும் பயன்படும் கணினியில் இழப்பதற்குப் பெரிதாக ஒன்றும் இருக்காது. ஒளிப்படங்கள் கைப்பேசியில் இருக்கும், சான்றிதழ்கள் மின்னஞ்சலில் இருக்கும். ஆனால் அதே மேசையில் அமர்ந்து அதே கணினியில் ஒருவர் முனைவர்ப் பட்ட ஆய்வு செய்கிறார் என்றால் நிலைமை வேறு. அவர் மொழியியல் ஆய்வாளர் என்றால் முற்றிலும் வேறு.

பழைய சித்தூர் மாவட்டம் 1911 ஏப்ரல் 1 அன்று வடஆர்க்காட்டிலிருந்து பிரித்து அமைக்கப்பட்டது. 1953இல் ஆந்திர மாநிலம் உருவானபோது அதனுடன் சென்றது. 1960இல் திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பியது; நகரியும் குப்பமும் ஆந்திரத்திலேயே தங்கின. அங்கே வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கும் சந்தையில் இரண்டும் பேசி வாழ்ந்த தலைமுறையின் பேச்சு, எந்த அகராதியிலும் முழுமையாக ஏறாத பேச்சு. அதைப் பதிவு செய்யச் செல்பவர்கள் மிகச் சிலரே. அவர்கள் திரட்டும் ஒலிப்பதிவுகள் ஆய்வுக்காலம் முழுவதும் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் கிடக்கின்றன: வீட்டுக் கணினியில். பதிவில் பேசிய எண்பது வயது மூதாட்டி இறந்துவிட்ட பிறகு அந்த ஒலிக்கோப்பு அழிந்தால், மறுபடி களத்துக்குச் சென்று ஈடு செய்ய முடியாது. ஆய்வேட்டைத் திரும்ப எழுதிக்கொள்ளலாம். அந்தக் குரலை எங்கிருந்து பெறுவது?

ஆகவே இயங்காத கணினியின் முன் நிற்கும் ஆய்வாளர் கேட்க வேண்டிய கேள்வி, 'இதை எப்படி ஓட வைப்பது?' என்பதன்று. 'உள்ளே இருப்பதை எப்படிப் படியெடுப்பது?' என்பதே முதற்கேள்வி. ஓட வைப்பது அதற்குப் பிறகு வரும் வேலை. இவ்விரண்டும் ஒரே வேலை என்று எண்ணுவதால்தான் பெரும்பாலான இழப்புகள் நேர்கின்றன.

இந்த வரிசையைத் தமிழகம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அறிந்திருந்தது. அரியலூர் மாவட்டத்துத் திருமழபாடிக் கோயிலின் விமானத்தை இடித்துப் புதிதாகக் கட்ட வேண்டும் என்று முதலாம் இராசராசன் தன் 28ஆம் ஆட்சியாண்டில் ஆணையிட்டான். பழைய சுவர்களில் கொடைகளையும் நிலவுரிமைகளையும் சொல்லும் சாசனங்கள் இருந்தன. சுவரை இடிக்கும் முன் அவற்றைப் புத்தகத்தில் படியெடுத்துக்கொள்ள ஏற்பாடாயிற்று. இராசேந்திரனின் 14ஆம் ஆட்சியாண்டில், ஏறத்தாழ 1026இல், அந்தப் படியிலிருந்து சாசனங்கள் புதிய சுவரில் மீண்டும் வெட்டப்பட்டன. இடையில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் அந்தச் செய்திகள் கல்லில் இல்லை. படியில் மட்டுமே வாழ்ந்தன. திருமலையிலும் கோயிலைப் புதுப்பித்த காலத்தில் பழைய சாசனங்களைப் புதுச்சுவரில் மீண்டும் வெட்டியதற்குச் சான்று உண்டு. கட்டடம் வேறு, அதில் எழுதப்பட்டது வேறு என்ற தெளிவு கோயிற்பணியாளர்களுக்கு இருந்தது. கணினியும் அதற்குள் இருக்கும் தரவும் வேறு வேறு என்ற தெளிவு இன்றைய ஆய்வுத்துறைகளில் அந்த அளவுக்கு இல்லை.

'கணினி இயங்கவில்லை' என்ற ஒரே வாக்கியத்துக்குள் பல வேறுபட்ட நோய்கள் அடங்கியுள்ளன. பொத்தானை அழுத்தியும் விசிறி சுழலவில்லை என்றால், கடைக்காரர்கள் எஸ்.எம்.பி.எஸ். என்று சொல்லும் மின்வழங்கியே பெரும்பாலும் கெட்டிருக்கும். விசிறி சுழன்றும் திரை கறுப்பாகவே இருந்தால், நினைவகத் தகட்டைக் கழற்றித் துடைத்து மீண்டும் பொருத்தினாலே பல சமயம் சரியாகிவிடும். தாய்ப்பலகையில் ஒரு ரூபாய் நாணயத்தின் அளவில் உருண்டையான சி.ஆர். 2032 என்னும் மின்கலம் உண்டு. சில ஆண்டுகளில் அது தீர்ந்துபோனால் கணினி தேதியை மறக்கும். வட்டை எந்த முறையில் படிக்க வேண்டும் என்ற அமைப்பையும் மறந்துவிடக்கூடும். அப்போது திரையில், இயங்குதளம் எதுவும் கிடைக்கவில்லை என்ற பொருளில் ஓர் அறிவிப்பு தோன்றும். படிப்பவருக்கு எல்லாம் அழிந்துவிட்டது போன்ற அச்சம் வரும். உண்மையில் அழிந்தது ஒன்றுமில்லை. மேற்சொன்ன எந்த நோயிலும் வட்டில் உள்ள ஓர் எழுத்துகூடச் சிதைவதில்லை. விண்டோஸ் சின்னம் தோன்றி, அதன் கீழே புள்ளிகள் முடிவின்றிச் சுழன்றுகொண்டே இருக்கும் நிலையிலும்கூட, கெட்டிருப்பது பெரும்பாலும் இயங்குதளத்தின் சில கோப்புகள்தாம். ஆய்வாளரின் கோப்புகள் அருகில் அமைதியாகக் கிடக்கும்.

அவற்றை எடுக்க விண்டோஸ் தேவையும் இல்லை. நண்பரின் கணினியில் உபுண்டு போன்ற லினக்ஸ் இயங்குதளத்தை ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு, நோயுற்ற கணினியை அந்த பென் டிரைவிலிருந்து தொடங்கலாம். நிறுவச் சொல்லிக் கேட்கும்போது நிறுவாமல், சோதித்துப் பார்க்கும் வழியைத் தேர்ந்தால் வட்டில் எதுவும் எழுதப்படாது. பிறகு கோப்புறைகளைத் திறந்து வெளிவட்டு ஒன்றுக்கு நகலெடுத்துக்கொள்ளலாம். கணினிக்கு மின்சாரமே ஏறவில்லை என்றால் வட்டைக் கழற்றி, யு.எஸ்.பி. இணைப்பான் ஒன்றின் வழியே இன்னொரு கணினியில் செருகிப் படிக்கலாம். சில மெல்லிய மடிக்கணினிகளில் சேமிப்பகம் தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். அவற்றில் மட்டும் இது இயலாது. பிற கணினிகளுக்கு இது ஒரு பிற்பகலில் முடியும் வேலை. களப்பணிக்கு ஒலிவாங்கியைப் பொருத்தவும் பிராட்டில் நிறமாலை வரையவும் கற்ற ஒருவருக்கு இது கடினமன்று. யாரும் கற்பிக்கவில்லை என்பதே குறை.

வட்டே நோயுற்றிருக்கும் நிலை வேறானது. சுழலும் வன்தட்டு 'டிக், டிக்' என்று ஒலித்தால், படிக்கும் தலை தடுமாறுகிறது என்று பொருள். மீண்டும் மீண்டும் இயக்கிப் பார்ப்பது அதன் எஞ்சிய ஆயுளைச் செலவழிப்பதாகும். விண்டோஸ் தானாக முன்வந்து வட்டைச் சரிபார்க்கத் தொடங்கினால் அதையும் நிறுத்துவதே நல்லது. பழுதான வட்டில் திருத்தம் எழுதுவது புண்ணில் ஊசி குத்துவது போன்றது. குனூ டி.டி.ரெஸ்கியூ என்னும் கட்டற்ற மென்பொருள் இத்தகைய வட்டுகளுக்கென்றே எழுதப்பட்டது. அது முதலில் எளிதாகப் படிக்கக்கூடிய பகுதிகளை எல்லாம் எடுத்துக்கொள்ளும். தடுமாறும் இடங்களை ஒரு வரைபடக் கோப்பில் குறித்துவைத்துப் பிறகு திரும்பி வரும். சிதைந்த கல்வெட்டைப் படிப்பவர் செய்வதும் இதுதான்: தெளிவான எழுத்துகளை முதலில் எழுதிக்கொண்டு, ஐயத்துக்குரிய இடங்களுக்குப் பிறகு வருவார். ஒலி மிகவும் கடுமையாக இருந்தால் மென்பொருளையும் முயலாமல், சென்னை போன்ற நகரங்களில் உள்ள தரவு மீட்பு நிலையங்களுக்கு அனுப்புவதே முறை. 2021 நவம்பரில் பெருமழையில் திருப்பதியின் பல பகுதிகள் நீரில் மூழ்கின. அத்தகைய வெள்ளத்தில் நனைந்த கணினியை வெயிலில் உலர்த்தி இயக்கிப் பார்ப்பதும் இதே தவறுதான். சேறும் ஈரமும் உள்ள வட்டுக்கு மின்சாரம் கொடுத்தால் மீட்க இருந்த வாய்ப்பும் போய்விடும்.

இனி ஃபார்மேட். கடைக்காரர் பெரும்பாலும் நேர்மையாகவே, "டி டிரைவைத் தொட மாட்டேன், சி மட்டும்தான்" என்று உறுதி கூறுவார். அந்த உறுதியில் ஒரு குழி உண்டு. திரையில் கண்ணெதிரே தெரியும் டெஸ்க்டாப்பும், பதிவிறக்கங்களும், 'டாக்குமென்ட்ஸ்' கோப்புறையும் வழக்கமாக சி டிரைவுக்குள்தான் இருக்கின்றன. 'இயல் 3 - இறுதி - புதியது - 2' என்று பெயரிட்டு எப்போதும் கண்ணில் படும்படி டெஸ்க்டாப்பில் வைத்த கோப்பு, அவ்விடத்தில் வைத்ததாலேயே முதலில் அழியும். பழைய வன்தட்டில் ஃபார்மேட் செய்த பிறகும் மீட்பு மென்பொருள்களால் ஓரளவு தேடி எடுக்க முடிந்தது. இன்றைய எஸ்.எஸ்.டி.யில் அந்த நம்பிக்கை இல்லை. விடுவிக்கப்பட்ட இடத்தை டிரிம் என்னும் ஏற்பாடு வட்டுக்கு அறிவித்துவிடுகிறது. வட்டு அதை உள்ளுக்குள் துடைத்துவிடுகிறது. வேகத்துக்காக எஸ்.எஸ்.டி.க்கு மாறியவர்கள் இந்த விலையை அறியாமலேயே கொடுத்திருக்கிறார்கள்.

கடைக்காரரைக் குறை கூறுவதில் பொருளில்லை. ஓடும் கணினியைத் திருப்பிக் கொடுப்பதற்கே அவருக்குக் கூலி. 'கணினியைச் சரிசெய்யுங்கள்' என்று கேட்டவருக்கு அவர் கணினியைச் சரிசெய்து கொடுத்தார். 'தரவை எடுத்துக் கொடுங்கள், கணினி பிறகு' என்று யாரும் கேட்கவில்லை.

வட்டு நலமாக இருந்தும் படிக்க முடியாத நிலை ஒன்று இப்போது புதிதாகச் சேர்ந்திருக்கிறது. அதை விளக்கத் திருமலையிலேயே நல்ல எடுத்துக்காட்டு உண்டு. அன்னமாச்சாரியாரின் சங்கீர்த்தனங்கள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டுக் கோயிலுக்குள் ஒரு சிறு கல்லறையில் வைக்கப்பட்டிருந்தன. நூற்றாண்டுகள் மறதியில் கிடந்து, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் வெளிக்கொணரப்பட்டன. முப்பத்திரண்டாயிரம் பாடினார் என்பது மரபு. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவை இன்று கிடைக்கின்றன. அந்த அறையைத் திறந்தவருக்குத் தேவைப்பட்டவை விளக்கும் தெலுங்கெழுத்து அறிவும் மட்டுமே. ஏடு தானே தன்னைப் படிக்கக் கொடுத்தது.

இன்றைய மடிக்கணினியின் வட்டு அப்படிக் கொடுக்காது. விண்டோஸ் 11இன் 24எச்2 பதிப்பிலிருந்து, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து புதிதாக அமைக்கும் பெரும்பாலான கணினிகளில், ஹோம் பதிப்பிலும்கூட, வட்டு தானாகவே குறியாக்கம் செய்யப்படுகிறது. திருடன் கையில் சிக்கினால் இது நல்ல காவல். ஆனால் தாய்ப்பலகை மாற்றப்பட்டாலோ அதன் அமைப்புகள் மாறினாலோ கணினி உரிமையாளரையே திருடனாகக் கருதி 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறவெண்ணைக் கேட்கும். வட்டைக் கழற்றி வேறு கணினியில் செருகினாலும் அதே கேள்விதான். திறவெண் அந்த மைக்ரோசாஃப்ட் கணக்கில் சேமிக்கப்பட்டிருக்கும். அந்தக் கணக்கு எது? கணினி வாங்கிய அன்று அவசரத்தில் யாரோ தொடங்கிய மின்னஞ்சலா? இப்போது பயன்பாட்டில் இல்லாத பழைய கைப்பேசி எண்ணோடு இணைந்ததா? இவற்றுக்கு விடை தெரியாதவர், முற்றிலும் நலமான வட்டைக் கையில் வைத்துக்கொண்டு அதில் உள்ள ஒரு சொல்லையும் படிக்க முடியாமல் நிற்பார். எந்தக் கடையாலும் உதவ முடியாது. குறியாக்கத்தின் நோக்கமே அதுதான்.

2024 ஜூலை 19 இதை உலகளவில் காட்டியது. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு இந்திய நேரப்படி காலை 9.39 மணிக்கு வந்த ஒரு பிழையான புதுப்பிப்பு, ஏறத்தாழ 85 இலட்சம் விண்டோஸ் கணினிகளை நீலத்திரையில் நிறுத்தியது. 78 நிமிடங்களில் நிறுவனம் அதைத் திரும்பப் பெற்றது. ஆயினும் விழுந்த கணினிகள் தாமாக எழவில்லை. ஐதராபாத் உள்ளிட்ட விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய சீட்டுகள் வழங்கப்பட்டன. ஒவ்வொரு கணினியையும் பாதுகாப்புமுறையில் தொடங்கி ஒரே ஒரு கோப்பை நீக்குவதே தீர்வு. கேட்க எளிது. ஆனால் வட்டுகள் குறியாக்கம் செய்யப்பட்டிருந்த இடங்களில் அதற்கு முன் திறவெண் தேவைப்பட்டது. திறவெண்களைச் சேமித்துவைத்திருந்த சர்வரே முடங்கிக் கிடந்த நிறுவனங்களைப் பற்றியும் செய்திகள் வந்தன. எத்தனையோ கணினி வல்லுநர்களைச் சம்பளத்துக்கு வைத்திருக்கும் நிறுவனங்களுக்கே அந்த நிலை என்றால், சித்தூரில் தனியாக அமர்ந்திருக்கும் ஆய்வு மாணவரிடம் என்ன எதிர்பார்ப்பது?

மொழித்துறையினருக்கு மட்டுமே உரிய ஒரு சிக்கலும் உண்டு. பொதுவான வழிகாட்டிகள் எதிலும் அது வராது. தமிழ்நாட்டு அரசு 2010இல் யூனிகோடைத் தரமாக ஏற்கும் வரையும், அதன் பிறகு நெடுநாளும், தமிழ்க் கோப்புகள் பாமினியிலும் தாம், தாப் எழுத்துருக்களிலும் தட்டச்சாயின. தெலுங்குக் கோப்புகள் அனு எழுத்துருக்களில். எல்லைப் பகுதியில் ஆய்வு செய்பவரின் பழைய கணினியில் இரண்டும் கலந்தே இருக்கும். வட்டிலிருந்து கோப்புகளை எல்லாம் வெற்றிகரமாக நகலெடுத்துவிட்டு, பழைய கணினியை எடைக்குப் போட்டுவிட்டுப் புதிய கணினியில் திறந்து பார்த்தால், பக்கம் முழுதும் பொருளற்ற உரோம எழுத்துகள். கோப்பு வந்தது, எழுத்துரு வரவில்லை. ஆகவே 'டாக்குமென்ட்ஸ்' கோப்புறையோடு விண்டோஸின் 'ஃபான்ட்ஸ்' கோப்புறையையும் நகலெடுப்பது கட்டாயம். ஈலான் மென்பொருளில் உரைபெயர்ப்பு செய்தவர்கள் இன்னொன்றையும் நினைவில் கொள்ள வேண்டும். அதன் கோப்பில் உரையும் நேரக் குறிப்புகளும் மட்டுமே உண்டு; ஒலி எங்கே இருக்கிறது என்ற முகவரி உண்டே தவிர ஒலி இல்லை. சிறிய கோப்பு என்று அதை மட்டும் மின்னஞ்சலில் அனுப்பி வைத்து நிம்மதியாக உறங்குபவர்கள், உறையைப் பாதுகாத்துக் கடிதத்தைத் தொலைப்பவர்கள்.

இது தனிமனிதரின் கவனக்குறைவு மட்டுமன்று. பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் முனைவர்ப் பட்ட ஆய்வாளர்களுக்கு ஆய்வு மற்றும் வெளியீட்டு அறம் என்ற இரண்டு கிரெடிட் பாடத்தைக் கட்டாயமாக்கியது. அதில் ஆறு அலகுகள். கருத்துத் திருட்டு உண்டு, திறந்த அணுக்க வெளியீடு உண்டு, இதழ்களின் தாக்கக் காரணி உண்டு. திரட்டிய தரவை எங்கே, எத்தனை படிகளாக வைப்பது என்பதற்கெனத் தனி அலகு இல்லை. மூதாட்டியிடம் இரண்டு மணி நேரம் பேச்சு வாங்கி வந்து அதைத் தொலைப்பது அறப்பிழை ஆகாதா என்ற கேள்வி அந்தப் பாடத்திட்டத்துக்குத் தோன்றவில்லை போலும். சோத்கங்கா ஆய்வேட்டைக் காக்கிறது. ஆய்வேட்டுக்கு அடியில் கிடக்கும் ஒலிப்பதிவு அதன் பொறுப்பன்று. களப்பணி முறையியல் பற்றி நாற்பது பக்கம் எழுதி, ஒலிப்பதிவுக் கருவியின் மாதிரி எண்வரை குறிப்பிடும் ஆய்வேடுகளில், பதிவுகளின் இரண்டாம் படி எங்கே உள்ளது என்று ஒரு வரியேனும் இருக்கிறதா என்று நெறியாளர்கள் தேடிப் பார்க்கலாம்.

பல்கலைக்கழகமே பெரிய சேமிப்பகம் ஒன்றை அமைத்துவிட்டால் போதும் என்ற வாதமும் முழுமையானதன்று. ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில் 2021 டிசம்பரில், காப்புப்படி எடுக்கும் நிரலில் நேர்ந்த பிழையால் மீக்கணினிச் சேமிப்பகத்திலிருந்து ஏறத்தாழ 77 டெராபைட் ஆய்வுத் தரவு அழிந்தது. 14 ஆய்வுக்குழுக்கள் பாதிக்கப்பட்டன. இதற்கு எதிர்மாறாக, 1998இல் டாய் ஸ்டோரி 2 திரைப்படக் கோப்புகள் பிக்சார் நிறுவனத்தின் சர்வரில் தவறான ஒரு கட்டளையால் அழியத் தொடங்கி, காப்புப்படியும் பழுதாகி நின்றபோது, குழந்தைப்பேற்றுக்குப் பின் வீட்டிலிருந்து பணியாற்றிய கேலின் சஸ்மனின் வீட்டுக் கணினியில் இருந்த படியே படத்தைக் காத்தது. வீடும் நிறுவனமும் ஒன்றுக்கொன்று காப்பாக இருக்க வேண்டும். ஒன்று மட்டும் போதாது.

பெரிய திட்டம் எதுவும் வேண்டியதில்லை. திருப்பதியில் வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் இருக்கிறது; குப்பத்தில், தென்னாட்டு மொழிகளுக்கென்றே 1997இல் தொடங்கிய திராவிடப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இவற்றிலும் இவை போன்ற பிற பல்கலைக்கழகங்களிலும் மொழித்துறைகள் களப்பணிப் பயிற்சியில் ஒரு பிற்பகலை ஒதுக்கலாம்: பென் டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கிக் கோப்புகளை எடுக்கும் பயிற்சிக்கு மட்டும். அரையாண்டுக்கு ஒருமுறை ஆய்வுக்குழு முன் முன்னேற்ற அறிக்கை வைக்கும் நாளில், பதிவுகளின் ஒரு படியைத் துறையில் ஒப்படைக்க வேண்டும் என்று விதிக்கலாம். பேசியவர்களின் இசைவுப் படிவத்தில் அதற்கான ஒரு வரியையும் முன்கூட்டியே சேர்க்க வேண்டியிருக்கும். அவர்கள் அறியாமல் அவர்களுடைய குரல் கைமாறக் கூடாது.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. பழைய கணினிகள் இப்போது வரிசையாகக் கடைகளுக்குப் போகின்றன. சிலவற்றில் 11 நிறுவப்படும், சில எடைக்குப் போகும். அவற்றில் எத்தனை கணினிகளில் எவருடைய குரல்கள் இருக்கின்றன என்பது கடைக்காரருக்குத் தெரியாது. கணினி இன்று நன்றாக ஓடிக்கொண்டிருப்பவர்கள் இன்றே செய்யக்கூடிய வேலை ஒன்று இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அந்த 48 இலக்கங்களைக் கண்டுபிடித்து, ஒரு தாளில் எழுதி, வீட்டுப் பத்திரமும் பட்டாவும் இருக்கும் பீரோவில் வைக்க வேண்டும். கணினிப் பையில் வைக்கக் கூடாது.